மழை மாதங்களில் மூடும் தெரு

பிரேமா பைக்கின் ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றி உட்புறத்தை முந்தானையால் துடைக்கிறார். கிரீஸ் தடவி மாட்டி, மேலே பால் கவர் ஒன்றைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுகிறார். "தண்ணி பூந்துச்சின்னா நடுக்கரையில நின்னுக்கும், முண்டம்" என்று வண்டியைத் திட்டிக்கொண்டே, சேற்றில் பிடிப்பதற்காகப் பின் டயரில் கொஞ்சம் காற்றை இறக்குகிறார்.

கடலோர ஊரான பனித்திட்டைச் சேர்ந்த பிரேமா மீன் விற்பவர். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கியர் வைத்த பழைய பைக், பின்னால் சைக்கிள் டியூபால் இறுக்கிய மீன்பெட்டி. கோடையில் சீட்டின் மேல் ஈரச்சாக்கு விரிப்பார். ஆடிக் காற்று பெட்டியைப் பிடித்துத் தள்ளும் என்று அதைத் தாழ்த்திக் கட்டுவார். "வெயில் காலத்துல வண்டி என்னைய சொமக்கும். மழைக்காலத்துல நான் வண்டிய சொமக்கணும்."

ஏன் சுமக்க வேண்டும்? பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நல்ல சிமெண்டுத் தெரு இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பக்கத்து ஊர்கள் தப்பித்துக்கொள்ளும். அந்தத் தெருவில் கோயில் இருப்பதால் புரட்டாசி பிறந்தால் மீன்வண்டி நுழையக் கூடாது. புரட்டாசிக்குப் பெருமாள், ஐப்பசிக்கு முருகன், கார்த்திகைக்கு ஐயப்பன், மார்கழிக்கு எல்லாரும். மழை பெய்கிற மாதம் ஒவ்வொன்றும் சாமி மாதம். பிராந்திப் பெட்டி ஏற்றிய வண்டி தாராளமாகப் போகிறது. அதற்கு எந்தச் சாமியும் முகம் சுளித்ததில்லை. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், பெட்டி பாதி காலியாக இருக்கும்போது, தெரு திறந்திருக்கும்.

ஆகவே பிரேமா வீடுகளுக்குப் பின்னாலுள்ள ஏரிக்கரையில் வருவார். அங்கிருந்து களிமண் சரிவில் வண்டியை இறக்கினால் அதே தெருக்காரர்கள் புழக்கடை வழியாக வந்து மீன் வாங்குவார்கள். முன்வாசலில் தீட்டு, பின்வாசலில் குழம்பு.

போன கார்த்திகையில் அந்தச் சரிவில் வண்டியோடு சறுக்கி வலது கணுக்கால் உடைந்தது. தை முடியும்வரை வியாபாரம் இல்லை. இன்னொரு முறை விழுந்தால் கால் தேறாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தெருக்காரர்கள் என்ன செய்தார்கள்? சரிவில் ஒரு கூடை சல்லிக்கல் கொட்டவில்லை. கண்ணேறு கழிய, சரிவில் பூசணிக்காய் உடைத்தார்கள். மறுநாள் அந்தச் சகதியில் பால்காரர் தங்கவேல் விழுந்தார்.

இந்தக் கார்த்திகையில் பிரேமா சரிவில் இறங்கவில்லை. கரை உச்சியிலேயே நிறுத்தி, ஸ்டாண்டு புதையாமல் அடியில் கொட்டாங்கச்சி வைத்து, ஹாரன் அடித்தார். கோயில் கமிட்டித் தலைவர் சுப்பராயலு, துண்டால் மூடிய பாத்திரத்தோடு புழக்கடைக்கு வந்தார்.

"இன்னாம்மா, மேலயே நின்னுட்ட? எறங்கி வா. எப்பவும் வர்ற சரிவுதான?"

"நான் கால ஒடச்சிக்கின சரிவு தலைவரே. மீன் வோணும்னா நீ ஏறி வா. இல்லன்னா தெருவத் தொறந்து வுடு, வாசல்லயே வந்து நிக்கறேன்."

"மாலை போட்ட புள்ளைங்க கீற தெரும்மா. மீன் நாத்தம் ஆவாது."

"உனக்கு மட்டும் ஆவுமா?"

"எம்புள்ளதான் மாலை போட்டுக்கீறான். நான் போடலியே."

பக்கத்துத் தோட்டத்திலிருந்து கஸ்தூரி குரல் கொடுத்தார். "ஏறு மாமா! பதினெட்டாம்படின்னு நெனச்சி ஏறு!"

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டினார். பாதிச் சரிவில் கால் வழுக்கியது. முழங்காலைச் சேற்றில் ஊன்றி, பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையை மேலே நீட்டினார்.

பிரேமாவின் கையெல்லாம் சங்கரா மீன் செதில். யாரிடமும் சில்லறை வாங்குமுன்கூடச் சட்டையில் துடைத்துக்கொள்கிற கை அது. துடைக்காமல் நீட்டினார்.