பிள்ளையார் தேரை நிறுத்தி வழிவிட்டார்

என் கணவர் சிவம் திருவிழாக் காலம் முழுவதும் விரதம். தேரன்று தேர் வீதி சுற்றி மீண்டும் இருப்புக்கு வந்து சேரும்வரை பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். போன வருடத் தேரன்று விடிய எழும்பித் தோய்ந்து, விபூதி பூசி, வடம் பிடிக்க வெளிக்கிட்டவர் வாசலில் கிடந்த கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. இடது கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"விரதக் களைப்பு. வேறை ஒண்டுமில்லை," என்றார்.

நானும் நம்பினேன். வட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில், திருவிழா நேரத்தில் யாருக்குத் தலை சுற்றினாலும் அது விரதக் களைப்புத்தான். தேத்தண்ணி தரட்டோ என்று கேட்டேன். பூசை முடியட்டும் என்றார். பிடிவாதத்தில் இந்த மனிதரை வெல்ல ஆளில்லை. பிறகு குமட்டிச் சத்தி எடுத்தார். உதடு வெளுத்தது. "நெஞ்சிலை ஆரோ ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு," என்று அவர் சொன்னபோதுதான் இது விரதக் களைப்பில்லை என்று எனக்கு விளங்கியது.

சனசமூக நிலையத்து அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தேன். அதை ஓட்டுகிறவர்களும் நோயாளியோடு கூடப் போகிறவர்களும் ஊரவர்களே. சம்பளம் கிடையாது. அன்று முறை ரஞ்சனுடையது. மருதனார்மடச் சந்தையில் வாழைக்குலை விற்கிற பொடியன்.

"வாறன் அக்கா. அண்ணையைச் சாய்ச்சு இருத்தி வையுங்கோ. நடக்க விடாதேங்கோ," என்றான்.

பக்கத்து வீட்டு மாமியை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டு ஒழுங்கை முனைக்கு ஓடினேன். சைரன் சத்தம் கிட்ட வந்தது. பிறகு நின்றுவிட்டது. எங்கள் ஒழுங்கை கோயில் வடக்கு வீதியில் போய் முட்டும். வேறு பாதை இல்லை. அந்த வீதிக்குத் தேர் வந்துவிட்டது. தேருக்கு முன்னால் சனம் இரண்டு வடங்களையும் இழுத்தபடி வந்தது. வடத்துக்கு அந்தப் பக்கம் அம்புலன்ஸ், இந்தப் பக்கம் நான்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. தேர் வெளிக்கிட்டால் இருப்புக்கு வரும்வரை வடம் நிலத்தில் படக்கூடாது. இளைப்பாற நின்றாலும் சனம் அதைக் கையில் ஏந்தியபடியேதான் நிற்கும். அப்படியே வளர்ந்தவள் நான். என் மனுசன் சாகக் கிடக்கிறார், ஆனாலும் "வடத்தைப் போடுங்கோ" என்று கத்த எனக்கு வாய் வரவில்லை.

வீதி மண்ணில் முழங்காலில் விழுந்தேன். ஒரு தேவாரமும் நினைவில் இல்லை. "பிள்ளையாரப்பா, உனக்காகத்தான் இந்த மனுசன் தண்ணி வென்னி இல்லாமல் கிடக்குது. நீ கொஞ்சம் நில். அவரை எனக்குத் தா." இவ்வளவுதான் என் பிரார்த்தனை. அழுகையிலும் பார்க்கக் கோபந்தான் அதிகம்.

தேர் நின்றது.

தேரில் இருந்த குருக்கள் ஐயா என்னையும் கண்டார், அம்புலன்ஸையும் கண்டார். கையை உயர்த்தினார். தவில் ஓய்ந்தது. கோயில் தலைவர் கீழே நின்று தயங்கினார்.

"ஐயா, வடம் நிலத்திலை படக்கூடாதெல்லோ?"

"ஆர் நிலத்திலை போடச் சொன்னது? மேலை தூக்குங்கோ. பிள்ளையார் நிப்பார். அந்த மனுசனுக்கு நிக்க நேரமில்லை."

ஆண்கள் பிடித்த வடம் முதலில் உயர்ந்தது. பெண்கள் பிடித்த வடமும் உயர்ந்தது. உயரம் போதாத இடத்தில் ஒருவர் தோளில் ஒருவர் ஏறினார்கள். தலைக்கு மேல் வடத்தை ஏந்திக்கொண்டு ஊரே நிற்க, ரஞ்சன் அதன் கீழால் மெல்ல மெல்ல வண்டியை ஓட்டி வந்தான். கணவரை ஏற்றிக்கொண்டு நாங்கள் திரும்பிவந்தபோதும் வடம் இறங்கவில்லை. தூக்கி நின்றவர்களின் கைகள் நடுங்கியதைக் கண்டேன். அவர் படுத்தபடியே கும்பிடப் பார்த்தார்.

"பேசாமல் கிடவுங்கோ. பிள்ளையார் உங்களைக் கண்டிட்டார்," என்று கையைப் பிடித்து வைத்தேன்.

நேரத்துக்குக் கொண்டுவந்ததால்தான் தப்பினார் என்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னார். நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவர் வீடு திரும்பிய பிறகும் அந்தக் கைகள் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. நானும் முதலுதவி பழகி அம்புலன்ஸில் சேர்ந்தேன். பெண்கள் நோயாளியாக வந்தால் பின்னால் இருந்து கையைப் பிடித்துக் கதை கொடுத்துக்கொண்டு போவது என் வேலை. இதற்கெல்லாம் ஏன் வருகிறாய் என்று ஒருநாள் ரஞ்சனைக் கேட்டேன்.

"காரணமெண்டு ஒண்டுமில்லை அக்கா. போன் அடிச்சால் வீட்டிலை இருக்கேலாமல் கிடக்கு."

அன்று சிரித்தேன். இப்போது எனக்கும் அதே வருத்தந்தான்; போன் அடித்தால் வீட்டில் இருப்புக் கொள்ளாது.

என் கணவர் இன்றும் விரதம் பிடிக்கிறார். ஆனால் மாத்திரைக்குத் தண்ணீர் குடிக்கிறார். பிள்ளையார் கோபித்ததாகத் தெரியவில்லை.

இந்த வருடத் தேரன்று பிள்ளைத்தாச்சி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு அதே வீதிக்கு வந்தோம். யாரும் சொல்லுமுன்னே வடம் உயர்ந்தது. முன்வரிசையில், குதிக்காலை உயர்த்திக்கொண்டு, பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்ட மனிதர். கண்ணாடியை இறக்கினேன்.

"உங்களை ஆர் தூக்கச் சொன்னது? கையை இறக்குங்கோ."

"முதல் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோம். என்னைப் பிறகு ஏசும்."

அடியார்களே, இக்கட்டு வந்தால் கூசாமல் அவரிடம் கேளுங்கள். சண்டை பிடித்தென்றாலும் கேளுங்கள். எனக்கு அவர் ஊராரின் கைகளால்தான் தந்தார். இந்த வருடம் அந்தக் கைகளில் இரண்டு என் கணவருடையவை.