விண்ணப்பத்தின் ஏழாவது கேள்வி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனாலும் அரசாங்கக் காகிதம் எதைப் பார்த்தாலும் பயம். கல்யாணப் பதிவு விண்ணப்பத்தின் ஏழாவது கேள்வியைப் படித்த அன்று ஆரம்பித்த பயம், இதை எழுதும்போதும் முழுசாக அடங்கவில்லை.

அந்தக் கேள்வி இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் மணமகளின் நிலை என்ன? கல்யாணம் ஆகாதவர், விதவை, விவாகரத்தானவர். மூன்றில் ஒன்றைச் சுற்றிக் காட்ட வேண்டும்.

நான் இரண்டாம் கல்யாணம் செய்தவள். முதல் கல்யாணத்தை ஊரே தீர்த்துவிட்டது. எங்கள் மலையில் அப்படித்தான். கூட்டம் கூடும், ஊர்க்கவுண்டர் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்பார், சேர்ந்து வாழ முடியாது என்று உறுதியானால் பெண்ணுக்காக மாப்பிள்ளை வீடு கொடுத்த பரியத்தைத் திருப்பிக் கொடுத்து, தாலியைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். பிறகு யார் யாரைக் கட்டினாலும் ஒருத்தரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். நான் கழற்றி வைத்தபோது என் மகளுக்கு மூன்று வயது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு நடந்து வந்தேன். அத்தோடு முடிந்தது என்றுதான் எட்டு வருஷமாக நினைத்திருந்தேன்.

இப்போது கட்டியவருக்கு வனத்துறையில் காவலர் வேலை நிரந்தரமானது. வேலைப் பதிவேட்டில் சம்சாரம் என்று என் பெயரை எழுத வேண்டுமானால் பதிவுச் சான்று கொண்டுவா என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். தாலி கட்டிய நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் பதிய வேண்டுமாம். எங்களுக்கு அறுபத்தெட்டு நாள் ஓடியிருந்தது. செம்மேட்டில் கம்ப்யூட்டர் வைத்து விண்ணப்பம் போட்டுத்தரும் பெண்ணிடம் போனோம். அவள் வெற்றுப் படிவம் ஒன்றைக் கொடுத்து, "ஊட்ல உக்காந்து நெரப்பிக் கொண்டாங்கக்கா, ஏத்திரலாம்" என்றாள். ஏழாவது கேள்வியைக் காட்டினேன். "விவாகரத்துன்னா கோர்ட்டு ஆர்டர் கேக்குமுங்களே" என்றாள். கோர்ட்டா! கோர்ட்டு எந்தத் திசையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

மலையிறங்கி ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். எழுபது வளைவிலும் எனக்கு வாந்தி. அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "உங்க வழக்கத்த சட்டம் தள்ளிடாதுங்க. ஆனா நடந்துச்சுன்னு காட்டோணும். ஊர்க்கவுண்டரு ஒரு கடுதாசி, முதல் ஊட்டுக்காரரு ஒரு உறுதிமொழிப் பத்திரம். ரெண்டையும் வெச்சுக் கேப்போம். அப்பவும் ஒத்துக்கலைன்னா கோர்ட்டுதான். பொய் மட்டும் எழுதிடாதீங்க, கேஸ் ஆகிடும்."

கேஸ் என்ற சொல்லோடு வீடு வந்து சேர்ந்தேன். சோறு இறங்கவில்லை. என்னவர், "ஏம்புள்ள இப்புடி நடுங்கற? நீ என்ன கொலையா பண்ணிப்போட்ட?" என்று சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. சான்று வராவிட்டால், நாளைக்குக் காட்டில் அவருக்கு ஒன்று ஆனால், நான் யார் என்று கேட்பார்கள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஊர்க்கவுண்டர் கடுதாசி கொடுத்துவிட்டார். முதல் வீட்டுக்காரர் சோளக்காட்டுச் சந்தையில் மிளகும் வாழைப்பழமும் விற்கிறார். வக்கீலம்மா எழுதித் தந்த பத்திரத்தை எடுத்துக்கொண்டு, எட்டு வருஷம் கழித்து அவர் கடை முன்னால் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போனது.

"அய்யய்யோ, நான் கல்யாணம் ஆகாதவருன்னு போட்டுப் பதிஞ்சுட்டனே" என்றார்.

அவரும் மறுபடி கட்டியவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பதிந்திருக்கிறார். ஏன் அப்படிப் போட்டீர்கள் என்றேன்.

"ஊரே தீத்துவுட்ட பொறவு அது கல்யாணமா? வாங்குனதக் குடுத்தாச்சு, குடுத்தத வாங்கியாச்சு. ஒண்ணும் இல்லேன்னுதான நெனச்சேன்? பொய் சொல்லோணும்னு சொல்லல."

எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தானே நினைத்திருந்தேன். அவர் இந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், அவருடைய பதிவு பொய் என்று அவரே எழுதிக்கொடுத்த மாதிரி. வீட்டில் அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

"நீயும் ஆகலேன்னே போட்டுரு. நாமளாச் சொன்னாத்தான் தெரியும்" என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வட்டம் போட்டால் எல்லாருக்கும் நிம்மதி. வக்கீலம்மா சொன்னது மட்டும் காதில் குடைந்துகொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் மகளை எழுதச் சொன்னேன். வீட்டில் அவள் கையெழுத்துதான் நன்றாக இருக்கும். பெயர், ஊர், பிறந்த தேதி என்று எழுதிக்கொண்டே வந்தவள் ஏழாவதில் நின்றாள்.

"இதுல எதச் சுத்தறதுங்கம்மா?"

"கல்யாணம் ஆகாதவர்" என்றேன், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

பேனாவை மூடினாள். "அப்ப பள்ளிக்கூடத்துல எனக்கு அப்பான்னு ஒரு பேரு எழுதியிருக்காங்களே, அது தப்புங்களா?"

ஆகாதவர் என்றால் இவள் யார்? அந்த ஒரு வட்டத்தில் என் பிள்ளையை அல்லவா அழிக்கப் பார்த்தேன்! படிவத்தைப் பிடுங்கி மடித்து வைத்தேன். "தப்பில்ல சாமி. நாளைக்கு எழுதிக்கலாம்" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. அவளை வீட்டில் தனியாக விட முடியாமல் கூடவே அழைத்துக்கொண்டு சோளக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். யாரைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை, அதுதான் உண்மை.

கடையில் அவர் என்னைப் பார்த்ததும், "மறுபடியும் என்னத்துக்கு வந்த?" என்றார். "நான் உள்ளதத்தான் எழுதப்போறேனுங்க. உங்ககிட்டச் சொல்லாமச் செய்யக்கூடாதுன்னு வந்தேன்" என்றேன். அவர் பதில் சொல்ல வாயெடுத்தவர், என் பின்னால் நின்றவளைப் பார்த்துவிட்டார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எந்தக் கிளாசு கண்ணு?"

"ஆறாவதுங்கண்ணா" என்றாள், எந்தக் கடைக்காரரிடமும் சொல்வதுபோல.

அவர் தராசுத் தட்டில் இருந்த மிளகை எடுத்து மறுபடி சாக்கில் கொட்டினார். வாங்க நின்ற ஆளிடம் அப்புறம் வா என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார். "எங்க போடோணும், காட்டு." எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, அடியில் பெயரையும் முழுசாக எழுதினார். "என்னோடதையும் போய்த் திருத்தச் சொல்லிக் கேக்கறேன். வாரது வரட்டும்" என்றார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை மகள் கையில் கொடுத்தார். அவள் என் முகத்தைப் பார்த்து, நான் தலையசைத்த பிறகு வாங்கிக்கொண்டாள்.

விவாகரத்தானவர் என்பதைச் சுற்றிய விண்ணப்பத்தோடு அந்தப் பத்திரங்களைப் பதிவு அலுவலகத்தில் எண்பத்தோராம் நாள் வாங்கிக்கொண்டார்கள். மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எனக்குப் பயம், என்னை நினைத்துப் பாதி, முதல் வீட்டுக்காரரை நினைத்துப் பாதி.

ஆனால் அதைவிட எனக்கு உறுத்துவது, அந்தச் சனிக்கிழமை திரும்பி வந்த பஸ்தான். காற்றில் பறந்துவிடப் போகிறது என்று பத்திரத்தை மகளிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அவள் கடைசிப் பக்கத்தை எடுத்து, கையெழுத்துக்கு அடியில் இருந்த பெயரைப் படித்தாள். விரலை வைத்து இன்னொரு தடவை படித்தாள்.

"அவருங்களாம்மா?"

"ஆமா சாமி."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பழம் மடியிலேயே இருந்தது. எங்கள் ஊரில் இறங்கும்போதுதான் சொன்னாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தா, நான் அண்ணான்னு கூப்பிட்டிருக்க மாட்டனில்லீங்களா?"