மடித்த நிலத்தை விடாத கைகள்

முதற்பனி கொட்டிய காலை. நான் வேலை செய்யும் கார்டெறியில், குழந்தைகள் காப்பகத்தில், சின்னஞ்சிறுசுகளுக்குப் பனிச்சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். றோசி அக்காவின் அழைப்பு வந்தது. “கலா, அவர் எங்களை விட்டுட்டுப் போட்டார். பஸ்ஸுக்கு நிண்ட இடத்திலயே விழுந்திட்டாராம்.”

அவர் என்றால் பெனடிக்ற் அண்ணை, றோசி அக்காவின் கணவர். நான் ஆசிரியராக இருக்கும் நம்முடைய இதழில் சீன மந்திரவாதியின் தொடர்கதையை எழுதிவந்தவர். அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு மனிதர் இப்படி நடுவழியில், தான் கேட்ட கேள்விக்குப் பதில் வராமலே போகலாமா? எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்தி வந்தது.

மன்னார்க் கத்தோலிக்கருக்குச் சீனத்துத் தாவோ மத மந்திரம் எங்கிருந்து ஒட்டியது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இங்கே புவாண்ட்-கிளேரில் உள்ள பண்டகசாலையில் அவரோடு பெட்டி அடுக்கிய லியூ என்ற சீனத்து நண்பரிடமிருந்து. இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சு. மதியச் சாப்பாட்டின்போது அந்தப் பிரெஞ்சிலேயே லியூ தம் நாட்டுப் பழங்கதைகளைச் சொன்னார். காகிதத்தில் ஆள் வெட்டி ஊதினால் எழுந்து நடக்குமாம். அவரைக்கொட்டைகளை வீசினால் படையாகுமாம். மஞ்சள் தாளில் சிவப்பு மையால் எழுதிய ஆணைக்குப் பேய்கள் பணியுமாம். அந்த ஆணைகள், பழைய அரசாங்க உத்தரவுகளைப் போலவே, ‘சட்டப்படி விரைந்து செய்க’ என்று முடியுமாம். அண்ணை இதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். “பாத்தியே, வானத்திலயும் அரசாங்கக் கந்தோர்தான். அங்கயும் மனுக் குடுத்திட்டு வரிசையில நிக்கவேணும்.” இந்த நாட்டில் அகதி மனுக் கொடுத்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்த மனிதருக்கு அந்த வானம் உடனே பிடிபட்டுவிட்டது.

இந்தக் காலத்து மாயக்கதைகளையும் மகனிடம் வாங்கிப் படிப்பார், பாதியில் மூடிவிடுவார். “தாளை எறிஞ்சா நெருப்பு வருது. ஆருக்கு எழுதின மனு, ஆர் ஒப்பம் வைச்சது எண்டு ஒண்டுமில்லை. பழைய கதையில மந்திரத்துக்கு மேல ஒரு அதிகாரி இருக்கிறான். பிழை விட்டா மந்திரவாதிக்கே அடி விழும்.”

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர் அவரை மறித்தார். “வேதக்காரன் சீனப் பேய்க்கதை எழுதலாமோ?” அண்ணை பணிவாகவே சொன்னார்: “ஐயா, நாங்கள் ஒன்பது நாள் செபிச்சு வைக்கிற நவநாளும் மனுத்தானே. அதுக்கு மாதா சிபாரிசு செய்யிறா, அவ்வளவுதான் வித்தியாசம்.” பெரியவர் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் ஒரு ரோல்ஸை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

அவருடைய கதைக்கு உயிர் நிலத்தை மடிக்கும் வித்தை. பழஞ்சீனக் கதைகளில் வருவதுதான்: எத்தனையோ காதம் தள்ளி இருக்கும் ஊரைச் சுருக்கிக் கண்முன் கொண்டுவருவது. அண்ணையின் மந்திரவாதி நிலத்தைச் சேலை மடிப்புக் கொய்வது போலக் கொய்து பிடிப்பான். பிடி விட்டால் பழையபடி விரிந்துவிடும். அதற்கு அண்ணை ஒரு விதியும் வைத்திருந்தார். அப்பால் இருப்பவர்களைப் பார்க்கலாம், கூட்டிவர முடியாது. ஓர் அத்தியாயத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய் அழுதாள். “பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து குடுங்கோ அண்ணை, வாசகர்கள் என்னைத் தின்னினம்” என்று கெஞ்சினேன். அவர் மசியவில்லை. “விதி இல்லாட்டி அது மந்திரமில்லை, கலா. வெறும் ஆசை.”

பிறகு 2009 வந்தது. அவருடைய ஒரே தங்கை ரெஜினா வன்னிப் போருக்குள் அகப்பட்டிருந்தார். மாசியில் வந்த அழைப்பு பாதியில் அறுந்தது. பிறகு சத்தமே இல்லை. வைகாசியில் எல்லாம் முடிந்தது என்றார்கள். முகாம்களுக்குப் போய்வந்தவர்களையும் தெரிந்த பாதிரிமாரையும் மாறி மாறிக் கேட்டார். எவர் வாயிலும் அந்தப் பெயர் வரவில்லை. ஆவணியில் எனக்குப் போன் எடுத்தார். சுகம்கூட விசாரிக்கவில்லை.

“விதியை மாத்தப் போறன்.”

“மாத்துங்கோ அண்ணை” என்றேன். வேறென்ன சொல்ல?

அதன்பிறகு அவர் எழுதியதுதான் நீங்கள் படித்த கடைசி அத்தியாயம். மந்திரவாதி கடலையும் காட்டையும் சேர்த்து மடித்து இரு கையாலும் பிடித்திருக்கிறான். அப்பால் ஒரு பெண் நிற்கிறாள். ‘ஓடி வா’ என்று கத்துகிறான். அவள் காலைத் தூக்குகிறாள். அத்தோடு நிறுத்திவிட்டார். மிச்சம் எங்கே என்று கேட்டேன். “தகவல் வரட்டும். பேந்து எழுதுறன்.” தகவல் வரவில்லை. அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்கு லியூ வேலை உடுப்போடே வந்திருந்தார். அண்ணை ஒவ்வோர் அத்தியாயத்தையும் சாப்பாட்டு மேசையில் அவருக்குச் சொல்லிவந்திருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அந்தப் பெண் கடந்துவிட்டாளா?” றோசி அக்காவும் அதையேதான் வேறு விதமாகக் கேட்கிறார். “நீ எழுதி முடி, கலா. வந்திட்டாள் எண்டு எழுது. அவற்ர ஆத்மா ஆறும்.”

எழுத உட்கார்ந்தேன். வந்துவிட்டாள் என்று எழுதக் கை வரவில்லை. அது எனக்குத் தெரியாது. வரவில்லை என்று எழுத நான் யார்? எழுதினால் நானே அவளைக் கொன்றது போலாகும். ஆகவே தொடர்கதை அவர் நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள், மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மடிப்புத்தான். விதி விதி என்று சொன்ன மனிதர், கடைசியில் விதியை மீறிப் பிடித்த மடிப்பு. அவர் கையிலிருந்து வாங்கி நான் பிடித்திருக்கிறேன். கை உளைகிறது. விடமாட்டேன். ரெஜினா, எங்கே நின்றாலும் தூக்கிய காலோடு நின்றுவிடாதே. சட்டப்படி வேண்டாம். விரைந்து வா.