முந்தின நாள் அப்பா பாடிய தோடி

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், வீடு தேடி வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் என்னை எழுதச் சொன்ன அண்ணன், "நல்லத மட்டும் எழுதுளா" என்றார். அப்பாவுக்கு என்மேல் பொறாமை இருந்தது. அதையும் நல்லதாகவே கருதி எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது ஸ்ரீவைகுண்டம். படிப்பு முடிந்ததும் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தார். பகலெல்லாம் துறைமுக வெயில், மாலையில் பாட்டுச் சாதகம். கச்சேரி தேடி அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. விளாத்திகுளத்தில் ஒரு கல்யாண வீட்டில், ஆலாபனை நடுவே, "அண்ணாச்சி, சினிமாப் பாட்டு ஒண்ணு எடுத்து விடுங்க" என்றார்களாம். அதைப் பாடி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்தே ஆலாபனையைத் தொடர்ந்திருக்கிறார். சென்னை சபாக்கள் அவரை அழைக்கவே இல்லை. ஆனால் எங்கள் கோயில் திருவிழாவின் நிறைவு நாள் கச்சேரி ஆண்டுதோறும் அப்பாவுடையதுதான்.

நான் சென்னையில் பயின்று, அங்கேயே பாடி, கொஞ்சம் பெயரும் வாங்கினேன். பத்திரிகையில் என் படம் வந்த அன்று அம்மா அதை மேசைமேல் விரித்து வைத்தார். அப்பா அதன்மேல் காபி டம்ளரை வைத்தார். அம்மா முறைத்ததும், "மேசைல தடம் விழுந்துரும்லா" என்றார்.

"அவுகளுக்குப் பொறாமைளா, நீ ஒண்ணும் நெனைக்காத" என்று அம்மா சமாதானம் சொல்வார். எனக்கென்னவோ உள்ளூரச் சந்தோஷம்தான்.

பிறகு ஒருநாள் விழாக் குழுவினர் வீட்டுக்கு வந்து, இந்த முறை நிறைவு நாளில் மகள் பாடட்டுமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"அவ பாடட்டும். முந்தின நாளு நான் பாடுதேன்" என்றார்.

நான் தோடி ராகத்தைப் பிரதானமாக வைத்துக்கொண்டு வீட்டிலேயே சாதகம் செய்தேன். அடுத்த அறையில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் மாலை மேடையேறிய அப்பா, பிரதானமாக எடுத்ததும் தோடியைத்தான். வயதான குரல், மேல் ஸ்தாயி எட்டவில்லை. எட்டாத இடத்துக்கு அவர் போகவே இல்லை. கீழேயே நின்று, அந்தக் காந்தார ஸ்வரத்தை அசைத்து அசைத்து, விட மனமில்லாமல் சுற்றிச்சுற்றி வந்தார். கூட்டத்தில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. பெருமையில் வந்தது என்று எழுத ஆசைதான். வயிற்றெரிச்சலில் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நாளைக்கு நான் தோடி பாடப்போறேன்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும்ளா. அதான் பாடுனேன்."

தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பினார். "பெத்த பிள்ளைகிட்டயா போட்டி போடுவிய?"

"மேடைல என்ன பிள்ள?" என்ற அப்பா, சிரித்தபடி இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் நான் தோடியை விட்டுவிட்டுக் கல்யாணி பாடினேன். கைதட்டலுக்குக் குறைவில்லை. முன்வரிசையில் இருந்த அப்பா எழுந்து வந்து, "பயந்துட்டியாளா?" என்றார்.

அடுத்த ஆண்டே அவருக்கு மூச்சுத்திணறல் வந்தது. பிறகு மேடை ஏறவில்லை. கடைசி நாட்களில் மருத்துவமனையில், "உங்க மக பெரிய பாடகியாமே, ஐயா?" என்று நர்ஸ் கேட்டார். அப்பா ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, "நானும்தான்" என்றார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்து, அப்பாவின் தோடியைச் செல்போனில் போட்டுக் கேட்டார்கள். என் கல்யாணியும் பலரிடம் இருந்தது. யாரும் அதைப் போடவில்லை. அப்பா உள்ளே கிடத்தப்பட்டிருந்த நேரத்திலும் அது என் மனதில் பட்டது.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகக் கார் ஓட்டிய, அப்பாவுடன் வேலை பார்த்த காயல்பட்டினம் மாமாவுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவர், செவிலியருக்கும், எங்கள் இருவருக்கும் மிருதங்கம் வாசித்த வித்வானுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு.

இந்த ஆண்டு விழாவின் நிறைவு நாளில் நான் தோடி பாடுகிறேன். அன்று அப்பாவின் தோடியைக் கேட்டவர்கள் அவசியம் வரவேண்டும்.