எக்ஸ்சேஞ்ச் அக்காவும் இருண்டுபோன போனும்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்சேஞ்ச் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் அந்த அழைப்பு தரைக்குக் கீழே இருக்கிற அவர் அறைக்குத்தான் முதலில் வரும்; எந்த வார்டு, எந்த டாக்டர் என்று கேட்டு அவர்தான் கோர்த்துவிடுவார். இருபத்திரண்டு வருஷம். நானூறு எண்களும் மனப்பாடம். பிறவியிலேயே பார்வை இல்லை. இதைக் கேட்டு உச்சுக் கொட்டுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அவருக்கு அது கட்டோடு பிடிக்காது.

மாதக் கடைசியோடு எக்ஸ்சேஞ்சை மூடுகிறோம், இனி இயந்திரக் குரலே பார்த்துக்கொள்ளும் என்று ஒரு தாள் வந்தது. அக்காவுக்கு ரெக்கார்டு ரூமில் ஒரு நாற்காலி தருவார்களாம். அங்கே என்ன வேலை? ஒன்றும் இல்லை, சும்மா உட்காரலாம். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் பிரிவின் உதவி மேசைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் நேரே போய் நின்றார். ஊழியர்களின் போனில் ஆஸ்பத்திரி வைஃபைக்கு ப்ராக்ஸி போட்டுக் கொடுப்பதுதான் அங்கே முக்கால்வாசி வேலை.

பிரிவின் தலைவர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் செய்கிற அநியாயத்துக்கு மருந்தே கிடையாது.

"ஸ்க்ரீனப் பாக்காம எப்படிக்கா முடியும்? தகுதியிலயே போட்டிருக்கே, கண் பார்வை அவசியம்னு."

"ஒரு வாரம் உக்காந்து பாக்கறேன் சார். ஒரு போன் தப்பாப் போனாலும் நானே ரெக்கார்டு ரூமுக்குப் போயிடறேன்."

ப்ராக்ஸி போடுவது மலையைப் புரட்டுகிற காரியம் இல்லை. வைஃபைக்குள் போய், ஆஸ்பத்திரியின் இணைப்பைத் தொட்டு, உள்ளே மடிந்து கிடக்கும் கூடுதல் அமைப்புகளை விரித்து, முகவரியையும் போர்ட் எண்ணையும் அடித்துச் சேமித்தால் முடிந்தது. அந்த மடிப்பைத்தான் கண்ணுள்ளவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார்கள். அக்கா எந்தப் போனை வாங்கினாலும் முதலில் ஒரு ஏற்பாடு செய்துகொள்வார். சத்தம் கூட்டுகிற பொத்தானையும் குறைக்கிற பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் போன் பேசும். விரல் படுகிற இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படித்துச் சொல்லும்.

"இது எதுக்குக்கா, நேரா நெட்டு வராதா?" என்று கேட்பவர்களுக்கு அக்காவிடம் ஒரே பதில்தான். "இத்தன வருஷம் நான் பண்ணதுதான். நடுவுல ஒருத்தர் வழியாத்தான் வெளிய போகணும். அவர் விலாசத்த உன் போன்கிட்ட சொல்லி வைக்கறேன், அவ்வளவுதான்."

நாலு நாளில் தொண்ணூறு போன். ஒன்றும் திரும்பி வரவில்லை. தலைவருக்கு ஒரே ஒரு குறை.

"வேல முடிஞ்சதும் அந்தப் பட்டன் ஏற்பாட்ட எடுத்துடுங்கக்கா. கண்ணு தெரியறவங்களுக்கு அது எதுக்கு?"

"குரல நிறுத்திட்டுத்தான் சார் குடுக்கறேன். பட்டன் இருந்துட்டுப் போகட்டும், சோறா கேக்குது?"

ஐந்தாம் நாள், கடைசி நாள். காலையில் ப்ராக்ஸியின் முகவரியை மாற்றினார்கள். போட்ட போன் எல்லாவற்றிலும் இணைப்பு போய், வாசல் வரை வரிசை. அந்த வரிசையை முட்டிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் ஓடி வந்தாள். திங்கட்கிழமை அக்காவிடம் ப்ராக்ஸி போட்டுக்கொண்டவள்தான். காலையில் போன் கீழே விழுந்து திரை முழுக்க இருண்டுவிட்டது. அவள் புருஷன் கப்பலில் வேலை பார்க்கிறவன். அன்றைக்குத் துறைமுகத்தில் நிற்கிற இரண்டு மணி நேரத்தில் பேசிப் பதிந்து அனுப்புவான், பதிலும் கேட்டுவிட்டுப் போவான். விட்டால் இன்னும் ஒரு மாதம் கடல்தான். அவள் வார்டும் தரைக்குக் கீழே. டவர் எட்டாது, வைஃபை ஒன்றுதான் கதி.

தலைவர் வாங்கி நாலு தடவை தட்டிப் பார்த்தார். "ஸ்க்ரீன் மாத்தாம ஒண்ணும் பண்ண முடியாதும்மா. சாயங்காலம் கடையில குடு."

"சாயங்காலத்துக்குள்ள கப்பல் போயிடும் சார்" என்று அவள் அழ ஆரம்பித்தாள்.

"இங்க குடு" என்றார் அக்கா. "உன் விரல வச்சுப் பூட்டத் திற."

இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினார். செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த போன் வாய் திறந்து பேசியது; வெளிச்சம்தான் போயிருந்தது, விரல் படுவது அதற்கு இன்னும் தெரிந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்காவின் விரல் வலப்பக்கமாகத் தள்ளித் தள்ளிப் போனது; வைஃபை, ஆஸ்பத்திரி, கூடுதல் அமைப்புகள், ப்ராக்ஸி. பழைய முகவரியை அழித்தார். புதியதை எழுத்து எழுத்தாகக் கேட்டு அடித்தார், போர்ட் எண்ணைப் போட்டார், சேமித்தார். சற்று நேரத்தில் டிங் என்றது. அக்கா அதையும் தேடித் திறந்தார்.

"நல்லா இருக்கேன். நீ சாப்டியா?" என்றது ஓர் ஆண் குரல்.

நர்ஸ் சிரித்துக்கொண்டே அழுதாள். அங்கேயே நின்று பதிலும் பேசி அனுப்பிவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வார்டுக்கு ஓடினாள்.

"ஸ்க்ரீனே இல்லாம எப்படிக்கா..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"எனக்கு எல்லா போனும் அப்படித்தானே சார்."

தலைவர் மேசை இழுப்பறையிலிருந்து அந்தத் தகுதித் தாளை எடுத்து, ஒரு வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டார். எந்த வரி என்று படித்தும் காட்டினார். அக்காவின் புருஷன் ஆஸ்பத்திரி சலவை வண்டி ஓட்டுகிறவர். அன்று மாலைக்குள் எல்லா மாடிக்கும் போய், அழுக்குத் துணி வாங்குகிற சாக்கில், "நம்ம வீட்டம்மா" என்று ஆரம்பித்துத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தார். அடிக்கட்டுமே, அவருக்கில்லாத உரிமையா?

திங்கட்கிழமை உதவி மேசையில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே ஒருவர் தொண்டையைக் கனைத்தார். தலைவர்.

"என் போன்லயும் அந்த ரெண்டு பட்டன் ஏற்பாட்ட வச்சுக் குடுங்கக்கா."

"டோக்கன் எடுத்தீங்களா சார்?" என்றார் அக்கா.

அவர் போய் ஒன்றை எடுத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் நின்றார்.