ஐந்து நிமிடக் கைப்பிடி

எண்ணெய் சூடேறும் வரை வீபே டெர்ப்ஸ்ட்ரா எதையும் தொடமாட்டார். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு கணினித் திரையில் இருக்கும் சின்ன முள்ளையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். முள் எழுந்தால்தான் அவருடைய ஸ்பிட்ஃபயர் போர்விமானம் எழும். காதில் மாட்டிய கருவிக்குள் டௌவே கத்திக்கொண்டிருப்பான்.

“அண்ணே, இன்னும் எண்ணெய் காயலையா? புத்தாண்டுக்கு மாவுருண்டை பொரிக்கப் போறியா?”

“பொரிச்சாலும் உனக்குக் கிடையாது.”

டௌவே பால் லாரி ஓட்டுகிறவன். இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறான். நேரில் பார்ப்பது வருடத்துக்கு இரண்டு தடவை, ஆகாயத்தில் பார்ப்பது சனிக்கிழமை தோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு.

வீபே, லெம்மர் என்ற ஊரில் தூக்குப்பாலம் இயக்குகிறவர். பாய்மரப் படகு வந்தால் பாலத்தைத் தூக்கி, போனதும் இறக்குவார். முப்பத்தொரு வருடமாக அதுதான் வேலை. கார்க்காரன் ஹாரன் அடித்தால் வேண்டுமென்றே மெதுவாக இறக்குகிறார் என்று ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய். யார் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அவருக்கு ஒரே வேகம்தான். நிஜ விமானத்தில் அவர் ஏறியதே இல்லை. ஏணியில் நாலு படி ஏறினாலே முகம் வெளுத்துவிடும், கூரையில் ஓடு மாற்ற வேண்டுமென்றால் மனைவி சிட்ஸ்கேதான் ஏறவேண்டும்.

ஆமாம், விளையாட்டுதான். இருக்கட்டுமே. உடைந்த படகின் தேக்குப் பலகையில் அவரே நெம்புகோல்கள் செய்து மேசையில் பொருத்தியிருக்கிறார். ஒன்று எரிபொருளுக்கு, ஒன்று முன்விசிறியின் சுற்றுக்கு, ஒன்று காற்றை விட்டு என்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் கதவுக்கு. நாலாவது ஒரு சிவப்புக் கைப்பிடி. அதை இழுத்தால் என்ஜின் தன் சக்திக்கு மேல் உழைக்கும். ஐந்து நிமிடம் தாங்கும், அதற்குமேல் போனால் யாரும் பொறுப்பில்லை. போர்க்காலத்தில் அந்தப் பிடியை மெல்லிய கம்பியால் கட்டி வைப்பார்களாம். இழுத்தவன் இறங்கி வந்ததும் அறுந்த கம்பி அவனை மெக்கானிக்கிடம் காட்டிக் கொடுத்துவிடும். வீபேயும் செப்புக் கம்பி கட்டியிருந்தார். நாலு வருடமாக அது அறுந்ததில்லை.

“என் கார் ரேடியேட்டர்ல தண்ணி இருக்கான்னு ஒரு நாளாச்சும் பாத்திருக்கியா?” என்று சிட்ஸ்கே கேட்பாள்.

“உன் காரை யாரும் சுடலையே.”

சேர்ந்து விளையாடும் அவர்கள் குழுவில் பதினொரு பேர். விளையாட்டில் செத்தால், அவனவன் உயிரோடு திரும்பிய எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இது எல்லோரும் ஒத்துக்கொண்ட சட்டம். தொண்ணூறைத் தாண்டியவர் வீபே ஒருவர்தான். நூற்றுத் தொண்ணூற்றொன்பது தடவை போய், அத்தனை தடவையும் உயிரோடு திரும்பியிருந்தார். இந்தச் சனிக்கிழமை திரும்பினால் இருநூறு. மறுநாள் காபிக்குப் பத்துப் பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டாயிற்று. ரோஸ் நிறச் சர்க்கரை பூசிய ஆரஞ்சு கேக் சமையலறையில் இருந்தது. அதன்மேல் 200 என்று எழுதி வாங்கிவந்ததற்கு வீபே சிட்ஸ்கேயைத் திட்டினார்.

“போறதுக்கு முன்னாடியே எழுதுவாங்களா?”

“கடைக்காரன் ஞாயித்துக்கிழமை திறக்கமாட்டான். நீ போய்ட்டு வா.”

சனிக்கிழமை வீபேயும் டௌவேயும் பறந்து போனார்கள். எதிர்க்கரையில் சண்டையை முடித்துவிட்டு இருவரும் கடல்மேல் திரும்பும்போதுதான் டௌவே அந்தக் காரியம் செய்தான். ஓடிப்போன எதிரி ஒருவனைத் துரத்த வேகம் கூடட்டும் என்று ரேடியேட்டர் கதவைச் சாத்தியவன், துரத்தி முடித்ததும் திறக்க மறந்துவிட்டான். வீபே பார்க்கும்போது அவன் விமானத்தின் மூக்கிலிருந்து வெள்ளை ஆவி போய்க்கொண்டிருந்தது.

“டேய், கதவு!”

“என்ன கதவு?... ஐயோ.”

“ஐயோவெல்லாம் அப்புறம். திற. எரிபொருளைக் குறை. சுத்தைக் குறை. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்து, காத்து உள்ள போகட்டும். என்ஜினைக் கெஞ்சிக் கெஞ்சிக் கூட்டிட்டு வா.”

கரைக்குப் பதினைந்து மைல். டௌவே முடவன் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தான். அப்போது பின்னால் வெயிலுக்குள்ளிருந்து எதிரி ஒருவன் வந்தான். வீபேக்குக் கீழே மேகம் இருந்தது. அதற்குள் புகுந்தால் நேரே வீடு.

“அண்ணே, நீ போ. நாளைக்கு எல்லாரும் வராங்க. எனக்கு என்ன, ஆறாவது தடவைதானே, செத்தாப் போகுது.”

“பேசாம சூட்டு முள்ளைப் பாரு.”

வீபே சிவப்புப் பிடியில் கை வைத்தார். ஒரு கணம் வைத்தபடியே இருந்தார். பிறகு இழுத்தார். செப்புக் கம்பி டிக்கென்று அறுந்து தரையில் விழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

வந்தவன் டௌவேயிடம் பாயும்போதெல்லாம் வீபே குறுக்கே போனார். அவனும் விடவில்லை, இவரும் விடவில்லை. மூன்று நிமிடம். நான்கு. ஐந்தாவது முடிந்தபோது முள் சிவப்புக் கோட்டில் நின்றது, டௌவே இன்னும் கடல்மேல் இருந்தான்.

“அண்ணே, மணியாச்சு! பிடியை விடு!”

“கரை தெரியுதா?”

“தெரியுது. விடுண்ணே!”

“தெரிஞ்சா போதாது. தாண்டு.”

ஏழாவது நிமிடத்தில் அந்த எதிரி சலித்துத் திரும்பிப் போனான். பிடியை உள்ளே தள்ளியும் பயனில்லை, எட்டாவது நிமிடத்தில் வீபேயின் என்ஜின் தகரத்தில் கல் போட்டதுபோல் நாலு தடவை அடித்து நின்றது. விசிறி அசையாமல் நின்றது. பாராசூட்டில் குதிக்க உயரமில்லை. தண்ணீர் திரை முழுக்க எழுந்து வந்தது.

எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தது.

டௌவேயின் விமானம் கரையில் புல்லின்மேல் வயிறு தேய இறங்கி நின்றிருந்தது.  வீபே காதுக்கருவியில் கேட்டார்.

“இறங்கிட்டியா?”

“இறங்கிட்டேன்ணே.”

“நாளைக்குப் பத்து மணிக்கு வந்துரு. லேட்டா வராதே.”

“மேல என்ன சத்தம்? வந்துட்டியா?” என்று கீழேயிருந்து சிட்ஸ்கே கேட்டாள்.

 வீபே காதுக்கருவியைக் கழற்றி வைத்தார். திரையை அணைத்தார். மேசைக்கடியில் குனிந்து, சூடாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்த கணினிப் பெட்டியின்மேல், காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல் உள்ளங்கையை வைத்தார். உள்ளே விசிறி அடங்கி நிற்கும் வரை எடுக்கவில்லை.