சரசுவின் ஷீட்டில் காவேரியின் கூப்பன்கள்

இன்சென்டிவ் திட்டம் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. பெங்களூரு பொம்மனஹள்ளியில் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் சம்பளப் பிரிவு என் பொறுப்பு. லைனில் யார் எத்தனை பீஸ் முடிக்கிறாரோ அவருக்கு அதற்கேற்ற இன்சென்டிவ். துணிக்கட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறத்தில் கூப்பன் இருக்கும். வேலையை முடித்தவர் அதைக் கிழித்துத் தன் ஷீட்டில் ஒட்ட வேண்டும். நானே போட்ட திட்டம், பெருமை தாங்கவில்லை.

மூன்றாவது மாதம் ஷீட்டுகளைப் புரட்டியபோது திடுக்கிட்டேன். சரசுவின் வேலை காலர் தைப்பது. அவள் ஷீட்டில் தினமும் ஏழெட்டுக் கூப்பன்கள் காலரைச் சட்டையோடு இணைக்கும் வேலைக்கானவை. அது அடுத்த மெஷினில் இருக்கும் காவேரியின் வேலை. நிறமே வேறு. மறைக்க வேண்டும் என்றுகூட இருவருக்கும் தோன்றவில்லை! ஷீட்டுகளைச் சரிபார்க்கும் கிளார்க் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்.

"இது சீட்டிங் மேடம். ரெண்டு பேரையும் நிறுத்திடலாம், ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று புரொடக்‌ஷன் மேனேஜர் பேப்பரோடு வந்து நின்றார்.

எனக்கும் கோபம்தான். இருவரையும் கூப்பிட்டேன். சரசு அழுதுகொண்டே வந்தாள். "வேலைய மட்டும் எடுத்துடாதீங்க மேடம். எங்க வீட்ல என் சம்பளம் ஒண்ணுதான். வேணாம்னு சொன்னேன், அக்கா கேக்கல."

காவேரி முறைத்துக்கொண்டு நின்றாள். லைனிலேயே வேகக்காரி, வாயும் அப்படித்தான்; பேச்சில் கன்னடமும் கலந்து வரும்.

"உன் கூப்பனை எதுக்கும்மா சும்மா இவளுக்குக் குடுத்தே?"

"சும்னே யாரு குடுத்தா? இவ காலர் முனை ரெண்டையும் ஒரே அளவுல திருப்பிக் குடுக்கறா, நான் நிக்காம ஓட்டிடறேன். போன மாசம் இவ லீவுல போனப்ப வேற பொண்ணு உக்காந்துச்சு. பாதி காலர் கோணல், பிரிச்சுப் பிரிச்சுத் தெச்சேன். அந்த வாரம் என் ஷீட்டை எடுத்துப் பாருங்க. என் வேகத்துல பாதி இவளுது மேடம். உங்க கணக்குல அதுக்கு எடமில்ல. அதான் நானே ஒட்டினேன்."

எடுத்துப் பார்த்தேன். அந்த வாரம் காவேரியின் எண்ணிக்கை பாதிக்குக் கீழே போயிருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை.

"ரூல் ரூல்தானே மேடம்" என்றார் மேனேஜர்.

"ரூல் போட்டது நான்தான் சார். தப்பு அதுலதான்."

மூன்று நாள் மல்லுக்கட்டினேன். வேலை இருவருக்கும் தங்கியது. காவேரிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாக வேண்டியிருந்தது. அது இன்றும் உறுத்துகிறது. அடுத்த மாதமே லைன் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே இன்சென்டிவ் என்று மாற்றினேன். காவேரி அதற்கும் சண்டைக்கு வந்தாள்: "கடைசி மெஷின்ல அரட்டை அடிக்கிறாங்களே, அவங்களுக்குமா?"

அதன் பிறகு எந்தத் திட்டம் எழுதினாலும் முதலில் ஃப்ளோருக்குப் போய் ஒவ்வொருவரிடமும் கேட்பேன்: "உங்க வேலை சுலபமா நடக்குறது யாரால?" இதுவரை ஒருவர்கூடத் தன் பெயரைச் சொன்னதில்லை.